ஊசி முனையில் கிடைத்த ஆறுதல் எத்தனை நாள் நிலைக்கும்?



முன்னொரு நாள் நோயாளி ஒருவருக்கு நான் கூறிய ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ளும் பொருட்டு இத்திங்கள் இப்பக்கத்தைப் பயன்படுத்திக்கொள்கிறேன். அச்சொல் நல்லெண்ணத்தோடு கூறப்பட்டதுதான். ஆயினும், அறியாதவன் அறிந்தவனைப் போலக் கூறும் ஆறுதல், காலம் சென்றபின் கேட்டவருக்கே சுமையாகிவிடும் என்பதை அதனால் கற்றுக்கொண்டேன்.

எங்கள் பங்கில் கைம்பெண் ஒருவர் இருக்கிறார். அப்பொழுது அவருக்கு வயது 63. கோவிலில் எப்பொழுதும் முன் வரிசையில் அமர்ந்து உரத்த குரலில் பாடும் அந்த அம்மையார், சிறிது சிறிதாகப் பின் வரிசைக்குப் போனார். பின்னர்ப் பாடுவதையும் நிறுத்திவிட்டார். வலக் கன்னத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, எவர் பேசினாலும் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போவார். "பாட்டிக்குக் கோபமோ? செருக்கோ?" என்று அண்டை வீட்டார் பேசிக்கொண்டனர். ஒரு முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டு அவர் இல்லம் சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. வாய் திறக்க முயன்ற அந்தக் கணமே அவருடைய முகம் சுருங்கியது, கண்ணீர் பெருகியது. மின்சாரம் தாக்கியவரைப் போலத் துடித்து, அரை நிமிடத்தில் ஓய்ந்தார். "சாமி, பல் தேய்க்க முடியல, முகம் கழுவ முடியல, காத்து பட்டாலும் வெட்டுது" என்றார். அதற்குள் நல்ல பற்கள் மூன்று பிடுங்கப்பட்டுவிட்டன. வலி மட்டும் போகவில்லை.

பின்னர் நோய் இன்னதென்று கண்டறியப்பட்டு, மாத்திரைகள் தரப்பட்டன. இரண்டு ஆண்டுகள் அவை கை கொடுத்தன. அதன்பின் அளவைக் கூட்டக் கூட்டத் தலைசுற்றலும் தள்ளாட்டமும் வந்தனவேயன்றி வலி அடங்கவில்லை. இறுதியில், கன்னத்தின் வழியே ஊசி செலுத்தி நரம்பைச் சூடேற்றும் சிகிச்சை செய்யப்பட்டது. மறுநாளே அவர் வாய் நிறையச் சிரித்தார். குடும்பத்தார் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்தனர். நானும் மகிழ்ச்சி மிகுதியால், "இனி அந்த வலி உங்கள் பக்கம் தலைகாட்டாது, அம்மா" என்று சொல்லிவிட்டேன்.

மூன்றரை ஆண்டுகளுக்குப் பின் வலி தலைகாட்டியது. அந்த அம்மையார் இரண்டு மாதங்கள் அதனை எவரிடமும் சொல்லவில்லை. தம் மகனிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. காரணம் கேட்டேன். "நன்றிப் பூசை வச்சு, எல்லார் முன்னாலயும் சுகம்னு சொல்லியாச்சு. திரும்ப வந்திருச்சுன்னு எந்த முகத்தோட சொல்லுவேன்? என் விசுவாசம் பத்தலன்னுதானே நெனப்பாங்க" என்றார். அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. அவர் விசுவாசத்தில் குறையில்லை. குறை என் வாக்குறுதியில்தான் இருந்தது. மருத்துவர் அன்றே, "மீண்டும் வரக்கூடும்; வந்தால் மறுபடியும் செய்யலாம்" என்று கூறியிருந்தாராம். குடும்பத்தாரும் நானும் நல்ல பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு, மறு பாதியைச் செவியில் ஏற்கவில்லை.

ஆகவே, அந்த மறு பாதியை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

வலியின் இயல்பு

நம் முகத்தின் உணர்ச்சியை மூளைக்கு எடுத்துச் செல்வது ஐந்தாம் மூளை நரம்பு. மூன்று கிளைகளாகப் பிரிவதால் முக்கிளை நரம்பு என்பர். முதற்கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், இரண்டாவது கன்னத்திற்கும் மேல்தாடைக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் உரியவை. முகத்தை அசைக்கும் ஏழாம் நரம்பு வேறு. அது கெட்டால் வாய் கோணும். அதனை முகவாதம் என்கிறோம். இங்கே கூறப்படும் நோயிலோ வாய் கோணுவதில்லை, வலியே நோய். மருத்துவர்கள் இதனை ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்பர்.

பிரெஞ்சு அறுவை மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரே 1756-இல் இதற்கு 'வலிமிக்க முகத்துடிப்பு' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். இலண்டன் மருத்துவர் ஜான் ஃபாதர்கில் 1773-இல் இதன் இலக்கணத்தைத் தெளிவாக வரைந்தார். அவர் கண்டவை இன்றும் மாறவில்லை. முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் மின்னல் போல் பாயும் வலி; சில நொடிகள் முதல் இரண்டு நிமிடம் வரை நீடிக்கும்; மெல்லத் தொடுதல், மெல்லுதல், பேசுதல், முகம் கழுவுதல், குளிர்காற்று போன்ற அற்பக் காரணங்களால் கிளம்பும். ஐம்பது வயதைக் கடந்தவர்களிடமே மிகுதி. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். இடப்பக்கத்தைவிட வலப்பக்கத்தில் அதிகம்.

பல்லும் தாடையும் இந்நரம்பின் ஆட்சிக்கு உட்பட்டவை ஆதலின், நோயாளி முதலில் பல்லையே குற்றம் சொல்வது இயற்கை. எனவே பல்லைப் பிடுங்குமுன், "தொட்டால் மின்னதிர்ச்சி போல் வருகிறது, சில நொடியில் நிற்கிறது" என்பதைப் பல் மருத்துவரிடம் தெளிவாகக் கூறுதல் வேண்டும். இந்த ஒரு வாக்கியம் ஒரு பல்லைக் காப்பாற்றக்கூடும்.

இந்நோய்க்கு இன்னுமோர் இயல்பு உண்டு. அது தானாகவே ஓய்ந்து, மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் உறங்கும், பின்னர் விழித்தெழும். இதனை வாசகர்கள் நன்கு மனத்தில் இருத்த வேண்டும். ஏனெனில், அவ்வாறு ஓயும் வேளையில் எதைச் செய்திருந்தாலும் அதுவே குணப்படுத்தியது என்று தோன்றும். பல் பிடுங்கியவர் பல்லால் சுகம் என்பார். எண்ணெய் தடவியவர் எண்ணெயால் சுகம் என்பார். ஆதலின், ஒரு சிகிச்சையின் மதிப்பை மறுநாளின் சிரிப்பைக் கொண்டு அளக்க இயலாது. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு, இருபது ஆண்டு நோயாளியைப் பின்தொடர்ந்து பார்த்தவரே உண்மையைக் கூற வல்லவர்.

காரணமும் முதல் மருந்தும்

இந்நரம்பு மூளைத் தண்டிலிருந்து புறப்படும் இடத்தில், துடிக்கும் இரத்தக்குழாய் ஒன்று அதன்மேல் அழுந்தி, நாளடைவில் நரம்பின் மேலுறையைத் தேய்த்துவிடுவதே பெரும்பாலோருக்குக் காரணம். மின்கம்பியின் மேலுறை தேய்ந்தால் மின்சாரம் கசிவது போல, மெல்லிய தொடுகையும் கொடிய வலியாக மாறுகிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் வால்ட்டர் டேண்டி 1930-களிலேயே இதனைக் கண்டு எழுதினார். சிலருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயோ, அரிதாகக் கட்டியோ காரணமாகும். இவற்றை அறியவே எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொல்கின்றனர். அது வீண் செலவன்று.

முதல் மருந்து கார்பமசெபின் மாத்திரை. வலிப்பு நோய்க்கு வழங்கும் இதனை முகவலிக்கும் தரலாம் என்று ஸ்வீடன் மருத்துவர் ப்ளோம் 1962-இல் எழுதினார். சாதாரண வலி மாத்திரைகள் அசைக்க முடியாத இவ்வலியை இது பெரும்பாலோருக்கு அடக்குகிறது. எனினும் மயக்கம், தள்ளாட்டம், இரத்தத்தில் உப்பின் அளவு குறைதல் ஆகியவை முதியோரை வருத்தக்கூடும். நம் ஆசிய மக்களுள் சிலருக்கு, பிறவியிலேயே உள்ள ஒரு மரபணுக் கூற்றினால், கொடிய தோல் ஒவ்வாமை உண்டாகலாம். மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில் உடலில் தடிப்போ, வாயில் புண்ணோ, காய்ச்சலோ தோன்றினால், மறு மாத்திரைக்குக் கை நீட்டுமுன் மருத்துவரிடம் ஓடுதல் வேண்டும்.

மருந்து அடக்காத போதும், அடக்கினாலும் அதனைத் தாங்க உடல் மறுக்கும் போதும்தான் அடுத்த கேள்வி எழுகிறது.

கன்னத்தின் வழியே ஒரு பாதை

மண்டையோட்டின் அடிப்பகுதியில் முட்டை வடிவில் ஒரு சிறு துளை உண்டு. மூன்றாம் கிளை அதன் வழியே இறங்குகிறது. அத்துளைக்கு மேலே மூன்று கிளைகளும் கூடும் நரம்பு முடிச்சு அமைந்துள்ளது. வாயோரத்திற்குச் சுமார் 3 சென்டிமீட்டர் அப்பால் கன்னத்தில் ஊசியைச் செலுத்தி, மண்டையைத் திறக்காமலே அம்முடிச்சைச் சென்றடையலாம் என்று ஜெர்மானிய மருத்துவர் ஹேர்ட்டல் 1910-களில் வழி வகுத்தார். இன்றும் ஊசி செல்லும் பாதை அதுவே.

அப்பாதையில் சென்று என்ன செய்வது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

முதலாவது, சூடேற்றும் முறை. கிர்ஷ்னர் என்னும் ஜெர்மானியர் 1930-களில் மின்சாரத்தால் முடிச்சைச் சுட்டார். ஆனால் சூட்டை அளவோடு நிறுத்த அவரிடம் வழியில்லை. அமெரிக்காவில் வில்லியம் ஸ்வீட்டும் அவருடைய துணைவர் வெப்சிக்கும் 1974-இல் வெப்பத்தை அளந்து செலுத்தும் முறையை வெளியிட்டனர். இதில் ஒரு சிறப்பு உண்டு. ஊசி சென்றபின் நோயாளியை மயக்கத்திலிருந்து எழுப்பி, மிக மெல்லிய மின்னோட்டம் பாய்ச்சி, "எங்கே சுருசுருக்கிறது?" என்று கேட்கின்றனர். நோயாளி தாடையைக் காட்டினால் ஊசி தாடைக் கிளையில் இருக்கிறது. கண்ணைக் காட்டினால் ஊசியைச் சற்றே நகர்த்த வேண்டும். இடம் உறுதியான பின்னரே மீண்டும் சிறிது மயக்கம் கொடுத்து, ரேடியோ அலை மின்னோட்டத்தால் ஏறத்தாழ ஒரு நிமிடம் சூடேற்றுகின்றனர். மருத்துவரின் கையை நோயாளியின் சொல் வழிநடத்தும் சிகிச்சை இது.

இரண்டாவது, கிளிசரால் முறை. இது தற்செயலாகக் கிடைத்தது. ஸ்வீடனில், கதிர்வீச்சுக்கு முன் நரம்பு முடிச்சின் இடத்தைப் படத்தில் அடையாளம் காண, உலோகப் பொடியைக் கிளிசராலில் கலந்து செலுத்தினர். கதிர்வீச்சுக்கு முன்னரே சிலருக்கு வலி நின்றுவிட்டது. பொடியன்று, கிளிசராலே அதனைச் செய்தது என உணர்ந்து ஹோக்கன்சன் 1981-இல் எழுதினார்.

மூன்றாவது, பலூன் முறை. சிகாகோவில் ஷான் மல்லன் 1978-இல் தொடங்கி 1983-இல் வெளியிட்டது. ஊசி வழியே சிறு பலூனைச் செலுத்தி, ஏறத்தாழ ஒரு நிமிடம் ஊதச் செய்து நரம்பை அழுத்துகின்றனர். இதில் நோயாளி முழு மயக்கத்திலேயே இருக்கலாம். கண்ணின் உணர்ச்சியைக் காக்கும் மெல்லிய இழைகள் பெரும்பாலும் தப்பிவிடுவதால், முதற்கிளை வலிக்கு இதனைப் பலர் விரும்புகின்றனர். பலூன் விரியும்போது இதயத் துடிப்பு திடீரெனக் குறையலாம். அதற்கு மருத்துவக் குழுவினர் ஆயத்தமாக இருப்பர்.

இவற்றோடு, ஊசியும் இல்லாத ஒரு முறை உண்டு. லார்ஸ் லெக்செல் வகுத்த காமா கத்தி அது. பெயர்தான் கத்தி, வெட்டு எதுவும் இல்லை. பல திசைகளிலிருந்து வரும் கதிர்களை நரம்பின் ஒரே புள்ளியில் குவிக்கின்றனர். இதன் பயன் உடனே தெரியாது. நாட்களோ வாரங்களோ, சிலருக்கு மாதங்களோ செல்லும்.

இம்முறைகள் எல்லாவற்றிற்கும் பொதுவான உண்மை ஒன்று: இவை நரம்பின்மேல் அழுந்தும் இரத்தக்குழாயை அகற்றுவதில்லை. நரம்பையே சிறிது காயப்படுத்தி, வலிச் செய்தியை மங்கச் செய்கின்றன. காரணம் அங்கேயே இருக்க, நரம்பும் நாளடைவில் தேறிவரும்போது, வலியும் திரும்புவதில் வியப்பு என்ன?

ஆண்டுகள் சொல்லும் கணக்கு

துருக்கி நாட்டின் அங்காரா பல்கலைக்கழகத்தில் யூஜெல் கன்பொலாட் என்னும் அறுவை மருத்துவரும் அவர் குழுவினரும் 1974 முதல் 1999 வரை 25 ஆண்டுகள் 1600 நோயாளிகளுக்குச் சூடேற்றும் சிகிச்சை செய்து, அதன் முடிவுகளை 2001-இல் வெளியிட்டனர். 1600 பேருக்கு 2138 முறை சிகிச்சை நடந்தது. இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே, பலருக்கு ஒரு முறை போதவில்லை என்பது விளங்கும்.

சிகிச்சை முடிந்தவுடன் வலி நீங்கியவர்கள் நூற்றுக்கு 97.6 பேர். நான் வாக்குறுதி அளித்த நாளில் என் கண்முன் இருந்தது இந்த எண்தான். ஆனால் ஒரே முறை சிகிச்சை பெற்று வலியின்றி இருந்தவர்கள் ஐந்தாம் ஆண்டில் நூற்றுக்கு 57.7, பத்தாம் ஆண்டில் 52.3, இருபதாம் ஆண்டில் 41. எங்கள் அம்மையாருக்கு மூன்றரை ஆண்டில் வலி மீண்டது அதிசயமும் அன்று, தண்டனையும் அன்று. ஏறக்குறைய பத்தில் நால்வருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் நேர்வதே அவருக்கும் நேர்ந்தது.

மறுபக்கத்தையும் பாருங்கள். வலி திரும்பியவர்களுக்கு மீண்டும் சிகிச்சை செய்ததையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஐந்தாம் ஆண்டில் நூற்றுக்கு 92 பேரும் பத்தாம் ஆண்டில் 94.2 பேரும் வலியிலிருந்து விடுபட்டிருந்தனர். இருபதாம் ஆண்டில் நூற்றுக்கு நூறு என்கிறது கணக்கு. அந்த நூறைக் கண்டு மயங்க வேண்டா. நோயாளிகள் பின்தொடரப்பட்ட சராசரிக் காலம் ஐந்தரை ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான்; ஆகவே இருபதாம் ஆண்டு வரை கணக்கில் நின்றவர் சிலரே ஆவர். எனினும் கருத்து தெளிவு: ஒரு முறையோடு முடியும் என்பது பாதி உண்மை, மீண்டும் செய்தால் மீண்டும் ஆறுதல் கிட்டும் என்பது மறு பாதி.

பலூன் முறைக்கு, ஆஸ்திரேலியாவில் ஸ்கர்விங், டான் என்னும் இருவர் 496 நோயாளிகளைப் பற்றிய 20 ஆண்டுக் கணக்கை 2001-இல் வெளியிட்டனர். ஐந்து ஆண்டுகளுக்குள் வலி திரும்பியவர்கள் நூற்றுக்கு 19.2, முழுக் காலத்திலும் 31.9. கிளிசரால் முறையில் பொதுவாக வலி இவற்றைவிட விரைவில் திரும்புகிறது. காமா கத்தியைப் பற்றி, பிரான்சின் மார்செய் நகரில் ரெழீஸ் குழுவினர் 497 பேரைப் பின்தொடர்ந்து எழுதினர். தொடக்கத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பேருக்கு வலி நீங்கியது. மருந்தில்லாமலே வலியின்றி இருக்கும் வாய்ப்பு ஐந்தாம் ஆண்டில் 64.9, பத்தாம் ஆண்டில் 45.3.

ஒப்பிட்டுப் பார்க்க, மண்டையோட்டில் காதின் பின்புறம் சிறு திறப்பு வைத்து, அழுத்தும் இரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கிவைக்கும் பெரிய அறுவைச் சிகிச்சையையும் கூற வேண்டும். பீட்டர் ஜனெட்டா 1960-களில் உருவாக்கியது இது. அவருடைய குழுவினர் 1185 பேரைப் பற்றி 1996-இல் வெளியிட்ட கணக்கின்படி, பத்து ஆண்டுகளுக்குப் பின் நூற்றுக்கு 70 பேர் மருந்தின்றி வலியின்றி இருந்தனர். காரணத்தையே அகற்றுவதாலும் நரம்பைக் காயப்படுத்தாததாலும் ஆறுதல் நீண்டு நிற்கிறது. முகமும் பெரும்பாலும் மரத்துப்போவதில்லை. ஆனால் அது மூளையருகே செய்யும் அறுவை. அந்த 1185 பேரில் இருவர் சிகிச்சையை ஒட்டி இறந்தனர் என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினர். உடல் வலுவுள்ளவர்களுக்கு அதனையும், முதுமையாலோ வேறு நோய்களாலோ பெரிய அறுவையைத் தாங்க இயலாதவர்களுக்கு ஊசி முறைகளையும் மருத்துவர்கள் பரிந்துரைப்பது இதனால்தான்.

இக்கணக்குகள் பெரும்பாலும் ஒவ்வொரு மருத்துவமனையும் தன் நோயாளிகளைத் தானே பின்தொடர்ந்து எழுதியவை. நோயாளிகளும் வேறு, வலி நீங்கியது என்பதற்கு அவர்கள் கொண்ட அளவுகோலும் வேறு. ஆகவே ஒன்றின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு தராசில் வைத்து, இது அதைவிட இத்தனை மேல் என்று முடிவு கட்டுதல் சரியன்று.

மரத்துப்போன கன்னம்

ஆறுதலுக்கு ஒரு விலை உண்டு. ஊசி முறைகளில் நரம்பு காயப்படுவதால் கன்னமோ தாடையோ ஓரளவு மரத்துப்போகிறது. மரத்துப்போதல் ஆழமாக இருந்தால் வலி நெடுநாள் திரும்புவதில்லை. மெல்லியதாக இருந்தால் விரைவில் திரும்புகிறது. மருத்துவர் தம் கையில் பிடித்திருக்கும் தராசு இதுவே. "முகம் மரக்கவும் கூடாது, வலி என்றும் வரவும் கூடாது" என்று நாம் இரண்டையும் கேட்டால், அவரால் இரண்டையும் தர இயலாது.

அங்காராவின் 1600 பேரில் 91 பேருக்குக் கண்ணின் கருவிழி உணர்ச்சி குறைந்தது. 10 பேருக்குக் கருவிழியில் அழற்சி ஏற்பட்டது. 66 பேருக்கு மெல்லும் தசை தளர்ந்தது. 12 பேருக்கு, மரத்த இடத்திலேயே ஓயாத வலி தோன்றும் கொடுமை நேர்ந்தது. நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவுதான். ஆயினும் அந்த ஒருவருக்கு அது நூற்றுக்கு நூறு. அதற்கு மருந்து காண்பது மிகக் கடினம். ஆதலின் இதனை முன்னரே சொல்லிவைப்பது மருத்துவரின் கடமை; முன்னரே கேட்டுவைப்பது நம் கடமை.

மரத்த முகத்தைப் பேணவும் அறிதல் வேண்டும். கருவிழியின் உணர்ச்சி குறைந்தவர் தூசி விழுந்தாலும் அறியமாட்டார். ஆகவே நாள்தோறும் கண்ணாடியில் கண் சிவந்திருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். சிவந்தால், வலி இல்லையே என்று வாளாவிருத்தல் ஆகாது. கொதிக்கும் காப்பியும் கஞ்சியும் வாயின் உட்புறத்தைச் சுட்டாலும் தெரியாது. சூட்டை விரலால் பார்த்துப் பருகுதல் நலம். கன்னத்தை உள்ளே கடித்துக்கொள்வதும் உண்டு. உண்டபின் உணவுத் துணுக்குகள் ஒதுங்கி நிற்கும்; வாயைக் கொப்புளித்துக் கழுவுதல் வேண்டும்.

கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்

உங்கள் இல்லத்தில் எவருக்கேனும் இச்சிகிச்சை கூறப்பட்டால், ஒப்புதல் தாளில் கையெழுத்திடுமுன் இவற்றைக் கேளுங்கள். காரணம் எதுவென்று படத்தில் தெரிந்ததா? பெரிய அறுவையைத் தாங்கும் உடல்நிலை உண்டா, இல்லையா? எந்தக் கிளையில் வலி? கண்ணுக்கு ஆபத்து எவ்வளவு? முகம் எவ்வளவு மரக்கும்? வலி திரும்பினால் அடுத்து என்ன செய்வீர்கள்? மாத்திரையை எப்பொழுது, எப்படிக் குறைப்பது? தாமாக மாத்திரையைச் சட்டென நிறுத்திவிடுவோர் உளர், அது தவறு. கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, விடை கூறும்போது வீட்டிலிருந்து இன்னொருவரும் உடன் இருப்பது நல்லது. வலியில் இருப்பவரின் செவி, "சுகமாகும்" என்ற ஒரே சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். அன்பு மிகுந்த பிள்ளைகளின் செவியும் அப்படித்தான். பங்குத்தந்தையின் செவியும் அதற்கு விலக்கன்று என்பதை மேலே ஒப்புக்கொண்டேன்.

இன்னும் ஒரு சொல். வலியைத் தாங்குவதே புண்ணியம், அதற்கு மருந்து தேடுவது பலவீனம் என்று எண்ணி மௌனமாய் வருந்தும் பக்தியுள்ள முதியோர் நம்மிடையே உண்டு. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் மயக்க மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், வலியை நீக்கும் சிகிச்சையை விசுவாசி ஏற்பதற்குத் தடையில்லை எனத் தெளிவுபடுத்தினார். வலியோடு சேர்ந்து மௌனத்தையும் சுமக்க வேண்டும் என்று எவரும் உங்களிடம் கேட்கவில்லை.

எங்கள் அம்மையாருக்கு இரண்டாம் முறை சிகிச்சை நடந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. கன்னத்தின் ஒரு பகுதி மரப்பலகை போல் இருக்கிறதாம். "பரவாயில்ல சாமி, அது பாட்டுக்கு இருக்கட்டும்; சோறு மென்னு சாப்பிடுறேன்ல" என்கிறார். காலையில் முகம் கழுவியபின் கண்ணாடி முன் நின்று கண்ணைப் பார்த்துக்கொள்வது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. சென்ற ஞாயிறு பூசை முடிந்தபின் என்னிடம் வந்து, "இது எத்தனை வருசம் தாங்கும் சாமி?" என்று கேட்டார்.

இம்முறை நான் வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. "தெரியாது, அம்மா. பல ஆண்டுகள் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். ஆனால் திரும்ப வந்தால், அன்றே என்னிடம் வந்து சொல்லுங்கள். மறுபடியும் செய்ய வழி உண்டு" என்றேன்.

அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "சரி, சொல்லிர்றேன்" என்று கூறிப் போனார். அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை. முன்பு நான் சொன்ன இனிய பொய்யைவிட இந்த எளிய உண்மை அவருக்கு உறுதியான ஊன்றுகோலாக இருந்தது என்றே எண்ணுகிறேன். மறுவாரம் கோவிலில் மூன்றாம் வரிசையில் அவர் குரல் கேட்டது.

மீண்டும் அடுத்த திங்களில் சந்திப்போம்.